ஆட்டோ கட்டணமும் ஒரு நேர்க்கோடும்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சாய்வு எது என்று கேட்டால் 'எம்' என்பார்கள். வெட்டுத்துண்டு எது? 'சி'. தேர்வுக்கு இது போதும். ஆனால் வரைபடத்தாளில் ஒரு கோட்டைப் போட்டு, "இதன் சாய்வு எவ்வளவு?" என்றால் பாதி வகுப்பு தலையைக் குனிந்துகொள்கிறது. ஒய் = எம்எக்ஸ் + சி என்று கரும்பலகையில் எழுதும் முன்பே கோட்டைப் படிக்கப் பழக்கிவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அதற்கு நான் எடுத்துக்கொள்வது ஆட்டோ கட்டணம். 2013-இல் தமிழக அரசு சென்னைக்கு நிர்ணயித்தது இது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். கிடை அச்சில் தூரம், செங்குத்து அச்சில் ரூபாய். கோடு 25-இல் படுத்தபடியே போய், 1.8-ஐத் தாண்டியதும் ஏறத் தொடங்கும். படுத்த பகுதிக்குச் சாய்வு பூச்சியம் என்று நான் சொல்லவே வேண்டியதில்லை. "அதுவரைக்கும் காசு ஏறாது சார்" என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

சிக்கல் அளவுத்திட்டத்தில்தான். கிடை அச்சில் ஒரு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். செங்குத்து அச்சில் ஒரு சென்டிமீட்டர் பத்து ரூபாய். 2.8 கிலோமீட்டருக்கு 37 ரூபாய், 7.8-க்கு 97. ஸ்கேல் வைத்து அளந்து, பக்கவாட்டில் ஐந்து, மேலே ஆறு, ஆகவே சாய்வு 1.2 என்கிறார்கள். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் இருபது காசுக்கு எந்த ஆட்டோ வரும் என்று கேட்டதும்தான் அச்சில் எழுதிய எண்களைப் பார்க்கிறார்கள். அறுபது ரூபாய், ஐந்து கிலோமீட்டர், சாய்வு 12. உடனே, ஒரு சென்டிமீட்டருக்கு இருபது ரூபாய் என்று வைத்து மறுபடி வரையச் சொல்வேன். கோடு தணிந்துவிடும், கட்டணம் குறையாது. பாடத்தில் நான் அதிக நேரம் செலவிடுவது இந்த இடத்தில்தான்.

அடுத்தது வெட்டுத்துண்டு. எல்லோரும் 25 என்பார்கள். படுத்த கோட்டுக்கு அது சரி. ஏறுகிற கோட்டின் மேல் ஸ்கேலை வைத்து இடப்பக்கம் புள்ளிக்கோடாக நீட்டினால், அது செங்குத்து அச்சை 3.40-இல் வெட்டும். எந்தப் பயணியும் 3 ரூபாய் 40 காசு கொடுத்து இறங்கியதில்லை. பிறகு அது எங்கிருந்து வந்தது? கிலோமீட்டருக்கு 12 என்றால் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 21.60தான் ஆகும், வாங்குவதோ 25. அந்த வித்தியாசம்தான் 3.40. அது இல்லையென்றால் கோடு நேராக ஆதிப்புள்ளிக்கே போய்ச் சேரும்.

இதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்பேன். கிலோமீட்டர் கட்டணம் அப்படியே இருக்க, குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 30 ரூபாய் ஆனால் கோடு என்ன ஆகும்? பின்வரிசையிலிருந்துகூடக் கைகள் உயரும். கோடு முழுவதும் ஐந்து ரூபாய் மேலே போகும், சாய்வு மாறாது. அப்போது சூத்திரத்தை எழுதினால், எம் இருக்கும் இடத்தில் 12-ஐயும் சி இருக்கும் இடத்தில் 8.40-ஐயும் அவர்களே வைத்துவிடுகிறார்கள்.