வேலிக்கு வெளியே ஒரு தந்தை

அமெரிக்காவின் வட மாநிலங்களில் பனி கரைந்து முடிவதற்குள் பள்ளி பேஸ்பால் சீசன் தொடங்கிவிடுகிறது. மைதானம் காயாத மார்ச் மாதத்தில் பள்ளியின் உள்ளரங்கிலேயே வீரர் தேர்வு. சில நாட்கள் வீசி, அடித்து, ஓடிக் காட்டியதும் பட்டியல் வெளியாகிறது. முதன்மை அணியான வார்சிட்டிக்குச் சிலர், இரண்டாம் அணியான ஜூனியர் வார்சிட்டிக்குச் சிலர், மற்றவர்கள் வீட்டுக்கு. பையன் பட்டியலை ஒரு முறை படிக்கிறான். அப்பா பத்து முறை படிக்கிறார்.

காரணம் உண்டு. பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் 1939இல் பிறந்த லிட்டில் லீக்கில் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் பெற்றோர்தான். மகனை ஷார்ட்ஸ்டாப்பில் நிறுத்தியது அந்த அப்பாவாகவே இருக்கலாம். எந்தக் குழந்தையும் ஆட்டம் முழுக்க ஓரமாக உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது அங்கே விதி. உயர்நிலைப் பள்ளியில் அந்தச் சலுகை இல்லை. யார் எங்கே ஆடுவது என்பதைப் பள்ளி நியமித்த பயிற்சியாளர் முடிவு செய்வார். அப்பாவின் இடம் கம்பி வேலிக்கு வெளியே.

மைதானமும் வளர்ந்துவிடுகிறது. 12 வயதில் பந்து வீசுபவருக்கும் மட்டை பிடிப்பவருக்கும் இடையே 46 அடி. பள்ளி அணியில் 60 அடி 6 அங்குலம். பேஸ்களுக்கு இடையே 60 அடியாக இருந்த தூரம் 90 அடியாகிறது. சின்ன மைதானத்தில் ராஜாவாக இருந்தவனின் எறி இங்கே பாதியில் தரை தட்டலாம். 15 வயதில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும். பக்கத்தில் நிற்பவனுக்கு இன்னும் குரல்கூட உடைந்திருக்காது. பட்டியலில் தெரிவது அந்த வாரத்து உடம்பு. அப்பாவோ அதில் மகனின் ஜாதகத்தையே படிக்கிறார்.

இப்படிப்பட்ட வீடுகளில் ஆறுதலுக்கு அழைக்கப்படும் பெயர் மைக்கேல் ஜோர்டான். 1978இல் நார்த் கரோலினாவின் வில்மிங்டனில் உள்ள லேனி பள்ளியின் வார்சிட்டி கூடைப்பந்து அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் வகுப்பிலிருந்து, 6 அடி 7 அங்குல உயரமிருந்த லெராய் ஸ்மித் தேர்வானார். கதையை இதோடு நிறுத்துபவர்கள் முக்கியமான பாதியை விட்டுவிடுகிறார்கள். ஜோர்டானை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஜூனியர் வார்சிட்டியில் சேர்த்து ஆட வைத்தார்கள். மேல் அணியில் பெஞ்சைத் தேய்த்திருக்க வேண்டிய நேரத்தில் கீழ் அணியில் நட்சத்திரமாக ஆடினார்.

அதே ஜோர்டான் 1994இல் பர்மிங்ஹாம் பேரன்ஸ் அணிக்காக பேஸ்பால் ஆடியபோது சராசரி .202தான், கிட்டத்தட்ட ஐந்துக்கு ஒன்று. உலகின் தலைசிறந்த உடற்கட்டும் பழக்கத்துக்கு ஈடாகவில்லை. பேஸ்பாலில் மட்டை பேசுவது ஆட்டத்துக்கு ஆட்டம் நின்று அடித்தவனுக்குத்தான். எனவே 'எந்த அணி' என்பதைவிட 'எத்தனை ஆட்டம் ஆடுவான்' என்பதே பெற்றோர் கவலைப்பட வேண்டிய கேள்வி.

எல்லாப் பட்டியலும் நியாயமானது என்று சொல்ல முடியாது. தனிப் பயிற்சிக்கும் வெளியூர்ப் போட்டிகளுக்கும் ஆயிரக்கணக்கான டாலர் செலவிட முடிந்த வீட்டுப் பையன் ஓரடி முன்னே நிற்கிறான். பல பள்ளிகளில் 12ஆம் வகுப்பு மாணவனுக்கு இரண்டாம் அணியில் இடமே கிடையாது. அவனுக்கு அடுத்த வருடம் என்ற ஆறுதலும் இல்லை.

அப்போதும் பயிற்சியாளரிடம் போக வேண்டியது பையன்தான். 'நான் எதில் தேற வேண்டும்?' என்று அவன் கேட்டால் பதில் கிடைக்கும். 'அவன் மகனுக்கு மட்டும் ஏன்?' என்று அப்பா கேட்டால் கதவு சாத்தப்படும். பெற்றோருடன் ஆட்ட நேரம் பற்றிப் பேசுவதில்லை என்று சீசன் தொடக்கத்திலேயே அறிவித்துவிடும் பயிற்சியாளர்கள் அங்கே ஏராளம்.

வீடு திரும்பும் காரில் அப்பா என்ன பேசுகிறார் என்பது மட்டும் எந்தப் பயிற்சியாளரின் கையிலும் இல்லை. தோற்றுவிட்டோமோ என்று மகன் முதலில் பார்ப்பது அவர் முகத்தைத்தான்.