திரை சொன்ன தூரமும் கொப்பி சொன்ன தூரமும்

மோட்டார் வண்டி வைத்திருக்கும் அன்பர் எவரையாயினும் அணுகி, "லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?" என்று வினவிப் பாருங்கள். விடை தயங்காது வரும். ஆனால் அவ்விடை, அவ்வண்டி என்றோ ஒரு நாள், நெரிசல் இல்லாத வீதியொன்றில், குளிர்ந்த காலை வேளையில் ஓடிக் காட்டிய தூரமாகவே பெரும்பாலும் இருக்கும். பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றைக் கேட்டால், அதிக புள்ளி பெற்ற பாடத்தை மட்டும் சொல்லும் பெற்றோர் உளரன்றோ? அவர்களைப் போன்றவர்களே வண்டிக்காரரும். எம் தந்தையார் காலத்தில் இக்கேள்வி, "கலனுக்கு எத்தனை மைல்?" என்று இருந்தது. முப்பது மைல் என்று சொன்னால் மதிப்பு. இன்றைய அளவில் அது லீற்றருக்கு ஏறத்தாழ 10.6 கிலோமீற்றர். அளவு மாறிற்று, பெருமை பேசும் வழக்கம் மாறவில்லை.

எம்மிடம் உள்ள வண்டி, கணித ஆசிரியர் ஒருவரின் சம்பளத்தில் வாங்கத்தக்கதன்று. எம் அத்தான் 2018ஆம் ஆண்டு குடும்பத்தோடு கனடாவுக்குப் புறப்பட்டபோது, தாம் ஆசையோடு வாங்கிய ஜேர்மன் தேசத்துச் சொகுசுக் காரை விற்க மனமின்றி எம் முற்றத்தில் விட்டுச் சென்றார். அதன் பெயர் இங்கே வேண்டுவதில்லை. சாய்ந்து படுக்கத்தக்க தோல் இருக்கைகள், 65 லீற்றர் கொள்ளும் பெற்றோல் தாங்கி, சாரதியின் கண்முன்னே எண்களைக் காட்டும் சிறு திரை ஆகியவற்றோடு அது வந்து சேர்ந்தது. எமக்கு வெளிநாட்டுக் காசு வந்துவிட்டதென்று அயலார் எண்ணினர். எம் அன்னையார் அதற்குக் 'கப்பல்' என்று பெயரிட்டார். கப்பலுக்கு எவ்வாறு தீனி போடுவது என்பதே எமது முதற் கவலை. ஆகவே, அது வந்த வாரமே நாற்பது தாள் கொப்பி ஒன்றை வாங்கி அதனுள்ளே வைத்தோம்.

கொப்பியில் எழுதும் முறை மிக எளிது. தாங்கியை முழுவதும் நிரப்பி, ஓடிய தூரத்தைக் காட்டும் மானியின் எண்ணைக் குறிக்க வேண்டும். அடுத்த முறையும் முழுவதும் நிரப்பி, ஊற்றிய லீற்றரையும் மானியின் புதிய எண்ணையும் குறிக்க வேண்டும். இரு எண்களின் வேறுபாட்டை லீற்றரால் வகுத்தால் உண்மை விளங்கும். ஒரு முறை ஊற்றும்போது ஓரிரு லீற்றர் கூடக் குறைய நேரலாம். பத்து முறை எழுதிக் கூட்டினால் அப்பிழை தேய்ந்து போகும். இரண்டு ஆண்டில் எமது கொப்பி ஒரு செய்தியை ஐயமின்றிச் சொல்லிற்று: யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு சென்று, அங்கே நகருக்குள் அலைந்து, திரும்பி வரும் பயணத்தில் இக்கார் லீற்றருக்கு 11 கிலோமீற்றர் ஓடும். அதற்கு மேல் எதிர்பார்த்தல் வீண்.

எரிபொருளை எண்ணி வாழும் பழக்கம் எம் தலைமுறைக்குப் புதிதன்று. போர்க்காலத் தடையினால் 1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டிற்குப் பெற்றோல் அரிதாகிய காலத்தில், கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரத்தை எழுப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் விடுவார்கள். சூடேறிய பின் மண்ணெண்ணெய் அதன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். எம் தந்தையாரின் பழைய ஒஸ்ரின் ஏ 40 காரும் அவ்வாறே புகை கக்கிக்கொண்டு ஓடிற்று. எத்தனை போத்தல் ஊற்றினோம், எந்த ஊர்வரை போனோம் என்பதை அவர் பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதி வைப்பார். கர்ப்பிணிப் பெண்ணொருத்தியை ஆசுபத்திரிக்குக் கொண்டு போகவேண்டும் என்று நள்ளிரவில் எவரேனும் வந்து கதவைத் தட்டினால், அவர் முதலில் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.

இனி, காரை ஆக்குவோர் அச்சிட்டுத் தரும் எண்ணைப் பற்றிச் சிறிது சொல்வோம். அவ்வெண் வீதியில் பிறப்பதன்று. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் சக்கரங்களைச் சுழலவிட்டுப் பெறப்படுவது. ஐரோப்பாவில் 2017ஆம் ஆண்டுவரை புதிய கார்களுக்கு வழங்கிய பழைய சோதனை, ஏறத்தாழ 20 நிமிடமும் 11 கிலோமீற்றரும் கொண்டது. அதன் சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீற்றருக்கும் குறைவு. குளிரூட்டி அணைக்கப்பட்டிருக்கும். அதற்குப் பின் வந்த புதிய சோதனை 30 நிமிடமும் 23 கிலோமீற்றரும் கொண்டது, வேகமும் கூடியது. அதுவும் வீதிக்கு முற்றும் ஒத்துவரவில்லை. 2021ஆம் ஆண்டு முதல் அங்கே புதிய கார்கள் தாம் குடித்த எரிபொருளைத் தாமே பதிந்து வைக்கின்றன. அப்பதிவுகளை ஆராய்ந்து ஐரோப்பிய ஆணைக்குழு 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, பெற்றோல், டீசல் கார்கள் சோதனை எண்ணைக் காட்டிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 20 வீதம் அதிகமாகவே குடிக்கின்றன. மின்செருகியில் பூட்டி ஏற்றத்தக்க கலப்புக் கார்களோ மூன்றரை மடங்கு குடிக்கின்றன. மக்கள் அவற்றை மின் ஏற்றாமலே ஓட்டுவதே இதற்குப் பெருங் காரணம்.

அச்சிட்ட எண் இவ்வாறாயின், காரின் உள்ளே ஒளிரும் திரையை நம்பலாமே என்பீர்கள். அத்திரையின் இயல்பை அறிந்தே நம்ப வேண்டும். தாங்கியினுள் மிதக்கும் மிதவையொன்று எஞ்சிய பெற்றோலை மதிப்பிடும். இயந்திரத்துக்குள் சீறிப் பாயும் பெற்றோலைக் கணனி எண்ணிக்கொண்டிருக்கும். இவ்விரண்டையும் கொண்டு, "இதுவரை ஓடியது போலவே இனியும் ஓடினால் இத்தனை கிலோமீற்றர் போகலாம்" என்று திரை சொல்லும். 'இதுவரை ஓடியது போலவே' என்னும் அந்நிபந்தனையைத் திரை வாய்விட்டுச் சொல்வதில்லை. நேர்வீதியில் மூன்று மணி நேரம் ஓடிய காருக்கு, அடுத்து வரும் நகர நெரிசல் தெரியாது. தாங்கி மிகவும் வற்றிய பின்னரோ, இக்காரின் திரையில் எண்ணே மறைந்து, பம்பியருகில் நிற்கும் காரின் சிறு படமொன்று தோன்றும். எண் வேண்டிய வேளையில் எண் கிட்டாது.

இவ்வேறுபாடு எமக்கு வெறுங் கணக்காக இருந்த நிலை 2022ஆம் ஆண்டில் மாறிற்று. அவ்வாண்டின் துன்பத்தை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாவுக்கு விற்ற 92 ஒக்ரேன் பெற்றோல், 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. அவ்விலை கொடுக்க ஆயத்தமாக இருந்தவர்க்கும் பெற்றோல் இல்லை. பின்னர் கியூஆர் அட்டை முறை வந்தது; காருக்கு வாரமொன்றுக்கு 20 லீற்றர். அதே காலத்தில், கொழும்பில் இருதய சத்திரசிகிச்சை பெற்றிருந்த எம் அன்னையாரை மாதம் ஒரு முறை அங்குள்ள மருத்துவரிடம் காட்ட வேண்டியிருந்தது. பஸ்ஸின் குலுக்கம் ஆகாது, நெடுநேரம் நிமிர்ந்திருத்தலும் ஆகாது என்பது மருத்துவர் கட்டளை. சொகுசு என்பதன் பொருள் அப்போதுதான் எமக்கு விளங்கிற்று. அன்னையார் சாய்ந்து படுத்தபடி பயணஞ் செய்ய எம்மிடம் இருந்த இடம் அந்தப் பின் இருக்கை ஒன்றே.

மூன்று வாரப் பங்கையும் ஒரு துளி செலவிடாது சேர்த்தோம். கல்லூரிக்குச் சைக்கிளில் போனோம். முன்பே எஞ்சியிருந்த சிறிதளவோடு தாங்கி விளிம்பைத் தொட்டது. ஓகஸ்ட் மாத இறுதியில் புறப்பட்டோம். போக வர ஏறத்தாழ 820 கிலோமீற்றர் ஆகும் என்பது எமது கணிப்பு. 65 லீற்றரை 11ஆல் பெருக்கினால் 715. ஆகவே, நான்காம் வாரத்துப் பங்கைக் கொழும்பிலே பெறாவிட்டால் வீடு வந்து சேர இயலாது.

புத்தளத்தை நெருங்கும்போது, காரை ஓட்டிவந்த எம் மைத்துனர் திரையைக் காட்டினார். ஓடிய தூரம் 265. இன்னும் ஓடக்கூடிய தூரம் 560. "அத்தான், மொத்தம் எண்ணூற்று இருபத்தைஞ்சு. கொழும்பிலை வரிசையிலை நிண்டு காயத் தேவையில்லை. டொக்டரைப் பாத்த கையோடை அம்மாவை ஏத்திக்கொண்டு திரும்பலாம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்னையாருக்கோ பிற வீட்டில் நெடுநேரம் தங்குவதில் விருப்பமில்லை. பின் இருக்கையிலிருந்து, "தம்பி, உன்ரை கப்பல் என்ன சொல்லுது? உன்ரை கொப்பி என்ன சொல்லுது?" என்று கேட்டார். கொப்பி வரிசையில் நிற்கச் சொல்கிறது என்றோம். "அப்ப நில்லு" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் மருத்துவரைப் பார்த்த பின், அன்னையாரை வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் இருத்திவிட்டு, நண்பகல் வெயிலில் நான்கரை மணி நேரம் வரிசையில் நின்று 20 லீற்றர் பெற்றோம். மைத்துனர் எம்மோடு அதிகம் பேசவில்லை. மாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, வவுனியாவைக் கடந்து வடக்கே வருகையில் நள்ளிரவை அண்மித்துவிட்டது. பயணம் தொடங்கியது முதல் ஓடிய தூரம் 715ஐத் தாண்டியபோது நாம் மாங்குளத்திற்குச் சற்றுத் தெற்கே இருந்தோம். இருபுறமும் காடு. விளக்கு வெளிச்சம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. அன்னையார் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு இன்னும் 109 கிலோமீற்றர். மைத்துனர் மானியைப் பார்த்தார். வெளியே இருளைப் பார்த்தார். பின்பு, "அந்தக் கொப்பியைப் பத்திரமா வையுங்கோ அத்தான்" என்று மட்டும் சொன்னார்.

நவம்பர்வரை அவ்வாறு நான்கு முறை போய் வந்தோம். நான்கு பயணமும் சேர்ந்து 3,296 கிலோமீற்றர். முதற் பயணத்திற்கு முன் விளிம்பைத் தொட்ட தாங்கி, நான்காம் பயணத்தின் பின் மீண்டும் விளிம்பைத் தொடும்வரை ஊற்றியது 296 லீற்றர். வகுத்தால் 11.1. கொப்பியின் பழைய சொல்லுக்கும் புதிய சொல்லுக்கும் வேறுபாடு நூற்றுக்கு ஒரு வீதமளவே.

அட்டை முறை 2023 செப்டெம்பர் முதலாந் திகதி நீங்கிய பின், ஓய்வாக வேறு சிலவற்றையும் அளந்தோம். கண்டி வீதியில் மணிக்கு 70 கிலோமீற்றரைத் தாண்டாது ஓடினால் லீற்றருக்கு 12.6, தெற்கு அதிவேக வீதியில் 100 கிலோமீற்றர் வேகத்தில் 10.9, கொழும்பு நகருக்குள் 6.3. வேகம் 70இலிருந்து 100ஆகும்போது காற்றின் தடை இரு மடங்காகிறது. தடை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதே காரணம். நகருக்குள்ளோ காற்று எதிரியன்று. நிற்பதும் கிளம்புவதுமே எதிரி. பாரமான காரை ஒவ்வொரு முறையும் உருட்டித் தொடங்கச் செலவாகும் சக்தி, பிரேக்கை மிதித்தவுடன் வெறுஞ் சூடாய்ப் போகிறது. குளிரூட்டி ஓட, கார் நின்றுகொண்டிருக்க, தூரம் மட்டும் கூடுவதில்லை.

மாணவர்க்கு இதில் ஒரு நல்ல கணக்கும் உண்டு. 100 கிலோமீற்றரை லீற்றருக்கு 12 வீதமும், அடுத்த 100 கிலோமீற்றரை லீற்றருக்கு 6 வீதமும் ஓடினால் சராசரி என்ன என்று வகுப்பில் கேட்டோம். பெரும்பாலோர் ஒன்பது என்றனர். முதற் பாதிக்கு எட்டேகால் லீற்றருக்குச் சற்று அதிகம். இரண்டாம் பாதிக்குப் பதினாறேகாலுக்கு மேல். மொத்தம் 25 லீற்றர். 200ஐ 25ஆல் வகுத்தால் எட்டு. கூட்ட வேண்டியது லீற்றரையேயன்றி, லீற்றருக்கு ஓடும் தூரத்தையன்று. தீய வீதி எப்போதும் தன் பங்குக்கு மேலாகவே உண்ணும். ஐரோப்பியர் 100 கிலோமீற்றருக்கு இத்தனை லீற்றர் என்று கணக்கிடும் முறையில் இம்மயக்கம் எளிதில் நேராது.

எம் அன்னையார் இன்று நலமாயிருக்கிறார். அட்டை முறை நீங்கிய பின் பெற்றோலும் தட்டின்றிக் கிடைத்தது. ஆயினும் கொப்பியை நாம் நிறுத்தவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. காரில்லாத வீட்டிலும் அளக்கத் தக்கவை உள. அடுப்படியில் எரிவாயு உருளையை மாற்றும் நாளைச் சுவரில் எழுதி வையுங்கள். கிணற்று மோட்டார் எத்தனை நிமிடத்தில் தொட்டியை நிரப்புகிறது என்று பாருங்கள். ஒரே நாளில் பயன் தெரியாது. வீட்டில் ஒருவர் நோயுற்று, கையிருப்பு எத்தனை நாளுக்குப் போதும் என்று ஒருவர் கேட்கும்போது, அவ்வெழுத்தைப் பார்த்து விடை சொல்ல உங்களால் முடியும்.