வழுவை எதிர்நோக்கும் சோதனை

சரியானதைச் சரியென ஏற்றல் தேர்வின் ஒரு பாதியே. பிழையானதைப் பிழையெனக் கண்டு, அஃது எவ்வகைப் பிழை என்றும் அறிதல் மறுபாதி. நன்னூல் வழுவைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாக வகுத்ததன் பயன் இங்கே விளங்கும். ‘அவன் வந்தாள்’ என்பதைக் காலவழு என்று எழுதிய மாணவனுக்கு, பிழை இருப்பதைக் கண்டான் என்பதற்காக எந்த ஆசிரியரும் முழு மதிப்பெண் வழங்கார். அது பால்வழு.

இந்நெறி இலக்கண வகுப்போடு நின்றுவிடவில்லை. பினாங்கின் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் 1972இல் உருவாயிற்று. அவ்வாண்டே இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கு நிறுவியது. சில்லுகளைப் பொருத்துதலும் சோதித்தலும் அவ்வட்டாரத்தின் தொழிலாயின. பழுதான சில்லைத் தள்ளத் தெரியாமல் எல்லாவற்றையும் ஏற்பது சோதனையன்று.

மென்பொருளுக்கும் அதுவே நீதி. கணக்கில் நூறு வெள்ளி இருக்க, ஒருவர் இருநூறு கேட்டால் நிரல் மறுக்க வேண்டும். மறுக்கிறதா என்பதைத் தானியங்கி ஏற்புச் சோதனை பார்த்தல் வேண்டும். ஈண்டு இரு மயக்கங்கள் நேரும். நிரல் மறுக்காது பணத்தைக் கொடுத்துவிட்டபோதும் சோதனை ‘தேறியது’ எனல் ஒன்று. இணைப்பு அறுந்ததால் எழுந்த பிழையைப் பணம் போதாமையால் எழுந்ததாகக் கொள்ளல் மற்றொன்று. ஜாவா மொழிக்குரிய ஜேயூனிட் கருவியின் நான்காம் பதிப்பில், முழுச் சோதனைக்கும் ஒரு பிழைவகையை எதிர்பார்ப்பாகக் குறிக்கலாம்; அவ்வகைப் பிழை எந்த அடியில் எழுந்தாலும் சோதனை தேறிவிடும். 2017இல் வந்த ஐந்தாம் பதிப்போ, இன்ன அடியில் இன்ன பிழை எழவேண்டும் எனச் சுட்டும் வழியைத் தந்தது.

எதிர்நோக்காத பிழைக்கு உலகம் கொடுத்த விலை பெரிது. 1996 ஜூன் 4ஆம் நாள், ஏரியேன் 5 ஏவுகலம் புறப்பட்டு ஏறத்தாழ 40 நொடிகளில் சிதறியது. 64 பிட் எண்ணொன்றை 16 பிட் இடத்தில் அடக்க முயன்றபோது எழுந்த பிழையைத் தாங்க நிரலில் ஏற்பாடில்லை. ஏரியேன் 4இல் செம்மையாக இயங்கிய அந்நிரல், புதிய கலத்தின் பறப்புப் பாதையைக் கொண்டு சோதிக்கப்படவில்லை.

ஆதலின், சோதனை எழுதுவோர் நிரலை ஒருமுறை வேண்டுமென்றே கெடுத்து, தம் சோதனை தோற்கிறதா எனப் பார்த்தல் நன்று. தோற்கத் தெரியாத சோதனை தரும் தேர்ச்சியை நம்பிப் பொதுமக்களின் பணத்தையோ உயிரையோ ஒப்படைத்தல் தகாது.