"உடனே" என்று சொன்னோமே, அது பிழை

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் தரம் 11 இல் சோலார் பெனல் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். ஒரு பிள்ளை எழும்பி, "ஒளி பட்டு எவ்வளவு நேரத்தில கரண்ட் வரும் ஸேர்?" என்று கேட்டாள். "உடனே" என்றோம். அவள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். அதுதான் எங்களுக்கு உறுத்தியது. உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்க ஆசைப்படும் பிள்ளை அவள். நம்மூரில் அந்தப் பிரிவு இல்லை, பஸ் ஏறிப் போகவேண்டும். வாப்பா இன்னும் யோசிக்கிறார்.

இரவு இருந்து தேடினோம். அந்த "உடனே"யை அளப்பதற்கென்றே ஆட்கள் வருடக்கணக்காக வேலை செய்கிறார்கள்! ஜெர்மனியில், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், கலியம் ஆர்செனைட் என்ற குறைகடத்தியில் நனோ கம்பிகளை வளர்க்கிறார்கள். தலைமயிரைவிடப் பல நூறு மடங்கு மெல்லியவை. அப்படி ஒரு கம்பியை இரண்டு உலோக முனைகளுக்கு நடுவில் வைத்து லேசரைச் சிமிட்டினால், இலத்திரன்கள் விடுபட்டு ஒரு மின் துடிப்பு கிளம்பும். எல்லாம் பிக்கோ செக்கன் கணக்கு. ஒரு செக்கனை 1,000,000,000,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. வெளிச்சத்தால் கம்பி சூடாகி வரும் மின்னும் உண்டு, அது சற்றுப் பிந்தி வரும்.

இதை எந்த மணிக்கூடு அளக்கும்? சாதாரண கருவிகள் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அங்கேதான் எங்களுக்கு வாய் பிளந்தது. லேசர் துடிப்பை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று கம்பியில் பட்டு மின்னைக் கிளப்புகிறது. மற்றது, மின்னை அளக்கும் வாசலை ஒரு கணம் திறந்து மூடுகிறது. ஒளியால் திறக்கும் அந்த ஆளியை 1975 இல் டேவிட் ஆஸ்டன் செய்து காட்டினார். இரண்டாவது துடிப்பைப் பிந்தவைக்க, ஒரு கண்ணாடியைப் பின்னால் நகர்த்தினால் போதும். ஒரு பிக்கோ செக்கனில் ஒளி போவது 0.3 மில்லிமீற்றர்தான். போக வர இரண்டு வழியும் சேர்வதால், கண்ணாடியை 0.15 மில்லிமீற்றர் நகர்த்தினால் ஒரு பிக்கோ செக்கன். நேரத்தை அடிமட்டத்தால் அளக்கிறார்கள்!

வீட்டு ஃபைபர் லைனில் வருவதும் ஒளிதான். அது மின்னாக மாறினால்தான் இந்தப் பதிவு உங்கள் போனுக்கு வரும். மாற்றம் எவ்வளவு வேகமோ அவ்வளவு தகவலை அனுப்பலாம்.

திங்கட்கிழமை வகுப்பில் "உடனே" என்பதை வெட்டச் சொல்லி, பலகையில் 0.15 ஐ எழுதினோம். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப கண்ணாடி லேசா ஆடினாலும் கணக்குப் பிழைச்சிடுமே, ஸேர்?" என்றாள்.

அடுத்த திங்கள் வரை தவணை கேட்டிருக்கிறோம்.