மருந்துக்கு மசியாத கட்டி

மூன்றாண்டுகளுக்கு முன், மழைக்கால மாலையொன்றில், எம் பங்கைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் தம் கணவருடன் பங்கு இல்லத்திற்கு வந்தார். மார்பகப் புற்றுநோய், அதிலும் ஹார்மோன் மருந்துக்கோ ஹெர்-2 மருந்துக்கோ பிடிகொடாமல் விரைந்து வளரும் வகை. டிரிப்பிள் நெகட்டிவ் என்பர் மருத்துவர். டாக்ஸோரூபிசின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்னும் இரு மருந்துகளை இரண்டு மாதங்கள் ஏற்றியும் கட்டி கரையவில்லை.

"டாக்டர் மருந்தை மாற்ற வேண்டும் என்கிறார், சாமி. எனக்குப் போதும், வீட்டிலேயே இருந்துவிடுகிறேன்" என்றார்.

"எல்லாம் இறைவன் சித்தம், அம்மா" என்றேன். கணவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வை இரவெல்லாம் என்னை உறங்கவிடவில்லை. அறியாத ஒன்றை முடிந்துபோனது எனத் தீர்ப்பிட்டேனே! விடிந்ததும், நகரில் மருத்துவராயிருக்கும் என் தங்கை மகளிடம் சென்றேன்.

"ஒரு மருந்து தோற்றால் வைத்தியமே தோற்றதாகாது, மாமா" என்றாள். கட்டியிலுள்ள அணுக்கள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை அல்லவாம். மருந்துக்கு மடிவன மடிய, தப்பியவை பெருகும். சில அணுக்களின் மேற்சவ்வில், உட்புகுந்த மருந்தை வெளியே தள்ளும் புரதம் ஒன்று உண்டு. பி-கிளைக்கோபுரோட்டீன் என்னும் அதனைக் கனடா நாட்டு ஆய்வாளர் 1976-இல் வெளியிட்டனர். கடற்கரையில் பிறந்தவன் நான். வள்ளத்தில் புகுந்த நீரை இறைத்துக் கொட்டுவதுபோல என்று உடனே விளங்கிற்று. ஆனால் கார்போபிளாட்டின் போன்ற மருந்துகளை அந்தப் புரதம் இறைப்பதில்லை. வெவ்வேறு வழியில் தாக்கும் மருந்துகளைச் சேர்ப்பதன் பொருள் இதுவே: ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றுக்கு அகப்படும்.

இது நேற்றுத் தோன்றிய எண்ணமன்று. 1948-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு ஒற்றை மருந்து கொடுத்தார். நோய் தணிந்து, பின் திரும்பிற்று. 1976-இல் மிலான் நகரின் ஜியான்னி போனடோன்னா, நெறிக்கட்டுக்குப் பரவிய மார்பகப் புற்றுநோயில், அறுவைக்குப் பின் மூன்று மருந்துகளைச் சேர்த்தளித்த முடிவை வெளியிட்டார். இரண்டாண்டுகள் கடந்த நிலையில், மருந்தின்றி இருந்தோரில் நூற்றுக்கு 24 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. மருந்து பெற்றோரில் 5 பேருக்கே.

அன்று மாலையே ஆசிரியையின் இல்லத்திற்குச் சென்று, அவசரப்பட்டுப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அழுதார், மறுவாரம் மருத்துவமனைக்குப் புறப்பட்டார். பேக்லிடாக்சலும் கார்போபிளாட்டினும் 12 வாரங்கள். முடி முன்னரே உதிர்ந்திருந்தது. இப்போது பாதங்கள் மரத்தன.

பெம்புரோலிசுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்தையும் சேர்த்தால் பலன் கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். 2020-இல் வெளியான ஆய்வில், அதையும் பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 65 பேருக்கு அறுவையின்போது புற்று எஞ்சவில்லை. பெறாதவர்களில் 51 பேருக்கு. விலையோ இலட்சக்கணக்கில். அக்குடும்பத்தால் இயலவில்லை. பங்கு மக்களிடம் திரட்டியதும் போதவில்லை. அந்த வேதனை இன்றும் என்னிடம் உண்டு.

அறுவையின்போது கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. எனினும் சிறிது எஞ்சியிருந்தது. எஞ்சியது என்றால் மருந்தை எதிர்த்து நின்றது என்றுதானே பொருள்! அதற்கும் ஒரு வழி இருந்தது: கேப்சிடபைன் மாத்திரை. ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், இத்தகைய பெண்களில் மாத்திரை பெற்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ 79 பேர் ஐந்தாண்டுகள் கடந்து வாழ்ந்தனர்; பெறாதோரில் 70 பேர். இம்மாத்திரை எளியவர் கைக்கு எட்டும் விலையுடையது.

உள்ளங்கைத் தோல் உரிய உரிய ஆறு மாதம் உட்கொண்டார். இப்போது பள்ளிக்குச் செல்கிறார். அடுத்த பரிசோதனை வரும் மாதம்; இம்முறை அவர்களோடு நானும் செல்கிறேன்.