மேகம் பார்த்த பூமியும் பெயர்ந்தவர்களும்

கோவில்பட்டிப் பக்கத்து மக்கள் ஏன் ஊரை விட்டுப் போகிறார்கள் என்று கேட்பவர்களிடம், "மழை இல்லை" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லி நாங்கள் பழகிவிட்டோம். பொய்யில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் உளுந்தும் பாசியும் விதைக்கிற மானாவாரி நிலம் இது. அந்த மழை தவறினால் அடுத்த ஐப்பசி வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆனால், கிளம்புவதற்கான காரணத்தைத்தான் மழை சொல்லும். எங்கே போவது என்பதைத் தீர்மானிப்பவை போகுமிடத்தின் அரசியலும், அங்கே ஒரு மாதத்தை ஓட்ட ஆகும் செலவுமே.

எங்கள் வட்டாரத்தில் குடியேற்றம் புதிய செய்தியன்று. 1976இல் வெளிவந்த கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்', ஆட்சியாளன் ஒருவனின் ஆசைக்கு அஞ்சித் தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்து, காட்டை எரித்துத் திருத்தி ஊர் அமைத்தவர்களின் கதை. செழிப்பான மண்ணைத் தேடி வந்தவர்கள் அல்லர் அவர்கள். அந்த அரசனின் கை எட்டாத இடத்தைத் தேடி வந்தவர்கள்.

எட்டயபுரத்தில் பிறந்த பாரதியும் அப்படித்தான் போனார். 1908இல் 'இந்தியா' பத்திரிகையின் மீது பிரிட்டிஷ் அரசு நடவடிக்கை எடுத்தபோது, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். எல்லையைக் கடந்ததும் எழுதும் உரிமை கிடைத்தது. படிக்கும் வாசகர்களோ எல்லைக்கு இந்தப் பக்கமே இருந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் பத்திரிகை வரத் தடை விழுந்ததும், 1910இல் அது நின்றுபோனது. அதன் பிறகு வறுமையோடுதான் அங்கே காலம் தள்ள வேண்டியிருந்தது. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்தவுடன் கடலூர் அருகே கைதானார். சுதந்திரம் ஓர் ஊரிலும் வருமானம் இன்னோர் ஊரிலும் இருந்தால் மனிதன் எப்படிப் பிளவுபடுகிறான் என்பதற்கு அந்தப் பத்தாண்டுகளை விடச் சான்று வேண்டுமா?

அதே புதுச்சேரிக்கு 1989இல் கி.ரா. போனார். இடைசெவலில் விவசாயியாகவே அறுபத்தைந்து வயதைக் கடந்தவருக்குப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியர் பதவி அளித்தது. எவருக்கும் அஞ்சி அவர் போகவில்லை. அவருடைய பால்ய நண்பர், அதே இடைசெவல்காரரான கு.அழகிரிசாமியோ பிழைப்புக்காகச் சென்னைக்கும், பின்பு 'தமிழ் நேசன்' பத்திரிகைப் பணிக்காக மலாயாவுக்கும் போயிருந்தார். 2021 மே மாதம் புதுச்சேரியில் காலமான கி.ரா.வின் உடல், அரசு மரியாதையுடன் இடைசெவல் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

எங்கள் கதை இவ்வளவு பெரியதன்று. கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் இடையிலான ஒரு கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து இருபது வருடங்களாகின்றன. உறவினர்களில் பலர் திருப்பூர், கோவைப் பக்கம் போனார்கள். ஊரில் சொந்த வீடு, வாடகை கிடையாது. ஆனால் கையில் காசு புழங்குவது வெள்ளாமை வீடு வந்தபின்தான். இங்கே மாதம் பிறந்தால் சம்பளம்; வாடகை, தண்ணீர் லாரி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் போக மிஞ்சுவது சொற்பம். ஆனால் அந்தச் சொற்பம் மாதந்தோறும் தவறாமல் மிஞ்சுகிறது. நிச்சயம் என்ற ஒன்றுக்காகத்தான் நாங்கள் கரிசலை விட்டு வந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

இந்தக் கணக்கில் வராத ஒன்று, வாக்கு. 2020 அக்டோபரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டத்தால் அரிசி நம்மோடு பெயர்ந்து வரும். வாக்கு அப்படி வராது. ஒவ்வொரு தேர்தலுக்கும் இரவுப் பேருந்தில் ஊர் போய் வாக்களித்துத் திரும்பினோம். குடிநீருக்கும் கண்மாய்க்கும் அங்கே வாக்களித்தோம். மழைநீர் வடியாத எங்கள் சென்னைத் தெருவுக்கு எங்களிடம் வாக்கு இல்லை.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, இந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஒருவருக்கு ஓரிடத்தில் வீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் அவரை அங்கே வழக்கமாக வசிப்பவராகக் கருத முடியாது என்கிறது 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ஊரிலிருந்த பெரியப்பா, "பேரை எடுத்துட்டா அப்புறம் நீங்க விருந்தாளிதாம்ப்பா" என்றார். மறுத்துச் சொல்ல எங்களிடம் வார்த்தை இல்லை. அதே வாரத்தில், சூரிய மின்தகடு அமைக்கிற கம்பெனிக்கு நிலம் வேண்டுமென்று தரகர் ஒருவரும் பேசினார்.

நான்கு நாட்கள் வீட்டில் பேசினோம். சென்னையிலேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்வது என்று முடிவாயிற்று. தினமும் எந்தத் தெருவில் நடக்கிறோமோ அந்தத் தெருவுக்குப் பொறுப்பேற்பதே முறை என்பது எங்கள் எண்ணம். நிலத்தை விற்கவில்லை. பெரியப்பாவே இந்த வருடமும் அதில் உளுந்து விதைத்திருக்கிறார். ஊரில் எங்களுக்கு இனி இருப்பது வாக்கில்லாத உறவு. அது எத்தனை தலைமுறை தாங்கும் என்பதை எங்கள் பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும்.