பின்னால் நின்று பார்ப்பவர்

திரை நிறைய நீலம். இடது ஓரத்தில் ஒரு பச்சைக் குன்று, அதன் முன்னால் தொப்பியும் மீசையுமாக ஒரு குட்டி மனிதன். வலப்பக்கம் பார்த்து நிற்கிறான். கொஞ்சம் தள்ளி ஒரு புதர், மேலே ஒரு மேகம், காலடியில் செங்கல் நிறத் தரை. வேறு எதுவும் இல்லை. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், எங்கே போக வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. வலது மூலையில் கடிகாரம் மட்டும் 400-இலிருந்து இறங்க ஆரம்பித்துவிட்டது.

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டின் மாடி அறை. மே மாத மத்தியானம். தரையில் சம்மணமிட்டு எட்டு வயதுப் பெண் ஒருத்தி, கையில் வயர் வைத்த ஜாய்ஸ்டிக். பக்கத்தில் அவள் அம்மா. பரணில் கிடந்த டிவி கேம் பெட்டியை இறக்கித் துடைத்து, மஞ்சள் கேசட்டை ஒருமுறை ஊதிச் செருகி, பழைய பெட்டி டிவியில் படம் வரவைத்தது அவர்தான். நான் சுவரோரம் நாற்காலியில் இருக்கிறேன். பார்ப்பது மட்டும்தான் என் வேலை.

"அம்மா, இதுல எங்க தொடணும்?"

"டிவியைத் தொடாத. கையில இருக்குல்லா, அதை அழுத்து."

"எதை?"

"நீயே பாரு."

அம்மாவுக்குச் சொல்லத் துடிக்கிறது. உதடு பிரிந்து, மறுபடி மூடிக்கொள்கிறது.

பெண் முதலில் இடது அம்பை அழுத்துகிறாள். குட்டி மனிதன் இரண்டு அடி நகர்ந்து திரையின் ஓரத்தில் முட்டி நிற்கிறான். வலது அம்பை அழுத்துகிறாள். ஓடுகிறான். திரையின் நடுவுக்கு அவன் வந்ததும் குன்றும் புதரும் பின்னால் நழுவுகின்றன, உலகம் வலப்பக்கமாகத் திறந்துகொள்கிறது. விட்டு வந்த இடத்துக்கு இனித் திரும்ப முடியாது. இந்த ஆட்டத்தில் திரை பின்னோக்கி உருளாது. அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஒருமுறை முயன்று பார்த்து, தெரிந்துகொண்டு, முன்னே போகிறாள்.

எதிரே பழுப்பு நிறத்தில் ஒன்று கால் மாற்றிக் கால் மாற்றி வருகிறது. கூம்பா. உற்றுப் பார்த்தால் அது நடக்கவே இல்லை. ஒரே படத்தை இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள், நம் கண் அதை நடையாக எடுத்துக்கொள்கிறது. ஆட்டம் ஏறக்குறைய முடிந்த பிறகுதான் இந்தக் கூம்பாவைச் சேர்த்தார்கள். கேசட்டில் மிச்சமிருந்த இடம் அவ்வளவு குறைவு, இரண்டாவது படத்துக்கு வழியில்லை. புதரையும் மேகத்தையும் அதே கண்ணோடு பார்த்தால் இன்னொன்று தெரியும். இரண்டும் ஒரே உருவம். பச்சை அடித்தால் புதர், வெள்ளை அடித்தால் மேகம்.

கூம்பா மோதுகிறது. மனிதன் துள்ளிக் கீழே விழுந்து மறைகிறான்.

"ஐயோ! செத்துட்டானா?"

அம்மா தலையை மட்டும் ஆட்டுகிறார். பெண் இரண்டு கையையும் பார்த்துக்கொள்கிறாள். மறுபடி அதே நீலம், அதே குன்று. இந்த முறை கூம்பா வருவதற்கு முன்பே எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்க்கிறாள். ஒன்றில் மனிதன் எகிறுகிறான். அவ்வளவுதான், பாடம் முடிந்தது. அடுத்த கூம்பாவின் தலையில் அவனை இறக்குகிறாள். அது தட்டையாகிறது. அவள் குதிக்கும்போதெல்லாம் ஜாய்ஸ்டிக்கும் மார்பு வரை எழும்புகிறது, முழங்கை தூக்குகிறது, தோளும் கூடவே போகிறது.

இந்த ஆட்டம், சூப்பர் மரியோ பிரதர்ஸ், ஜப்பானில் வெளிவந்தது 1985 செப்டம்பர் 13. கியோட்டோவில் 1889-இல் பூச்சீட்டு தயாரிக்கத் தொடங்கிய நிண்டெண்டோ கம்பெனி, 1983-இல் விற்பனைக்கு விட்ட ஃபேமிகாம் என்ற வீட்டுப் பெட்டிக்காகச் செய்தது. வடிவமைத்தவர்கள் ஷிகெரு மியாமோட்டோ, தகாஷி தெசுகா. கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாகப் பென்சிலால் வரைந்து, திருத்தம் வந்தால் மேலே மெல்லிய தாளை வைத்து வரைந்து, புரோகிராம் எழுதுபவர்களிடம் கொடுப்பார்கள். அவர்கள் அதை எண்களாக மாற்றித் தட்டச்சு செய்வார்கள். 32 கட்டங்கள், அத்தனை இசை, அத்தனை எதிரிகள், எல்லாம் சேர்ந்து 40 கிலோபைட். அந்த அம்மாவின் போனில் இருக்கும் ஒரே ஒரு புகைப்படம் இதைவிடப் பல பத்து மடங்கு பெரியது. தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் 'டிவி கேம்' என்று விற்றவை பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்கள். பெட்டி நகல், கேசட்டும் நகல். ஆனால் உள்ளே ஓடிய ஆட்டம், கியோட்டோவில் அந்தக் கட்டத்தாளில் வரைந்த அதே ஆட்டம்தான்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிண்டெண்டோவின் தலைவராக இருந்து மறைந்த சதோரு இவாட்டா, மியாமோட்டோவின் ஒரு வழக்கத்தைச் சொல்லியிருக்கிறார். உருவாகிக்கொண்டிருக்கும் ஆட்டத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஓர் ஊழியரைப் பிடித்து வந்து உட்காரவைத்து, கையில் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்து ஆடச் சொல்வாராம். பிறகு அவர் தோளுக்குப் பின்னால் நின்று ஒரு வார்த்தை பேசாமல் பார்ப்பாராம். எங்கே தயங்குகிறார், எதைக் கவனிக்காமல் போகிறார், எங்கே வீணாகச் சாகிறார் என்று. ஆடுகிறவருக்குப் புரியவில்லை என்றால் தவறு ஆடுகிறவருடையது இல்லை, ஆட்டத்தைத் திருத்த வேண்டும் என்பது அவர் கணக்கு. வீடு வீடாகப் போய்த் தன் ஆட்டத்தை விளக்கிச் சொல்லப் படைத்தவனால் முடியாது. ஆட்டமே பேச வேண்டும், அதுவும் வாய் திறக்காமல். நான் பார்த்த ஆசிரியர்களில் மிகச் சிலருக்கே இந்தப் பொறுமை இருந்தது.

அந்தப் பொறுமையின் பலன் இப்போது மாடி அறையில் நடக்கிறது.

கேள்விக்குறி போட்ட கட்டி ஒன்றைப் பெண் தலையால் முட்டுகிறாள். காசு. அடுத்ததை முட்டுகிறாள். காளான் ஒன்று மேலே முளைத்து வலப்பக்கமாக வழுக்கிப் போகிறது. குடை விரித்த தலை. கூம்பாவுக்கும் ஏறக்குறைய அதே சாயல்.

"அம்மா, இன்னொரு பூச்சி!"

ஓடப் பார்க்கிறாள். காளான் கீழே விழுந்து, எதிரே நிற்கும் பச்சைக் குழாயில் முட்டித் திரும்பி, நேராக அவளை நோக்கி வருகிறது. தலைக்கு மேலே செங்கல் வரிசை. தப்பிக்கக் குதித்தால் தலை இடித்து அதன் மேலேயே விழுவாள். விழுகிறாள். சாகவில்லை. மனிதன் இரண்டு மடங்கு உயரத்துக்கு வளர்கிறான்.

"ஏ... பெருசாயிட்டான்!"

காளானைப் பகையென்று நினைத்து ஓடிவிடுவார்களோ என்ற கவலை மியாமோட்டோவுக்கும் தெசுகாவுக்கும் இருந்தது. அதனால்தான் குழாயை அந்த இடத்தில் நட்டார்கள், செங்கல்லை அந்த உயரத்தில் வைத்தார்கள். ஓடுகிறவரைத் தேடிக்கொண்டு நல்லது வந்து சேரும்படி செய்திருக்கிறார்கள். இதைவிடக் கனிவான ஏற்பாட்டை நான் எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை.

பிற்பாடு வரும் படிக்கட்டுகளும் அப்படித்தான். முதலில் இரண்டு படிவரிசைகள் எதிரெதிராக நிற்கும், நடுவில் தரை இருக்கும். தவறினாலும் கீழே நின்று மறுபடி ஏறலாம். கொஞ்ச தூரத்தில் அதேபோல இன்னும் இரண்டு வரிசைகள், இந்த முறை நடுவில் தரை இல்லை, பள்ளம். பயிற்சி முதலில், பரீட்சை பிறகு. பெண் முதல் ஜோடியில் தவறி விழுந்து சிரிக்கிறாள். இரண்டாவதன் உச்சியில் நின்று எட்டிப் பார்க்கிறாள். பொத்தானை லேசாகத் தட்டினால் சின்னக் குதி, அழுத்திப் பிடித்தால் பெரிய குதி என்பது இதற்குள் அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டது. அழுத்திப் பிடித்துத் தாண்டுகிறாள்.

பாட்டு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கோஜி கோண்டோ போட்டது. முதலில் அமைத்த மெட்டு மனிதனின் ஓட்டத்துக்கும் குதிப்புக்கும் ஒத்துவரவில்லை என்று அதை விட்டுவிட்டு, அசைவைப் பார்த்துப் பார்த்து வேறு அமைத்தார். 2023-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் ஒலிப்பதிவுப் பெட்டகத்தில் சேர்த்த முதல் வீடியோ கேம் இசை இதுதான். அம்மாவின் கால் பெருவிரல் தாளம் போடுகிறது.

திரையின் உச்சியில், காசு எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் காசுப் படம் மின்னுகிறது. யாரும் அதைக் கவனிப்பதில்லை. அந்தப் பெட்டியில் படம் உருண்டால் எல்லாம் சேர்ந்தே உருளும். கீழே உலகம் நகரும்போது மேலே இருக்கும் எண்கள் மட்டும் எப்படி அசையாமல் நிற்கின்றன? காசுப் படத்தின் அடியில் ஒரு துண்டை ஒளித்து வைத்திருக்கிறார்கள். டிவி மேலிருந்து வரிவரியாக வரைந்து வரும்போது அந்தத் துண்டைத் தொட்டதும் சில்லுக்குத் தெரிந்துவிடும், எண் வரிசை முடியப் போகிறது, இனி நகர்த்தலாம் என்று. ஜப்பானிய டிவியில் நொடிக்கு 60 முறை இது நடக்கிறது. அந்தக் காசு ஒருமுறை தவறினாலும் உலகம் அங்கேயே நின்றுவிடும்.

பெண் கொடிக்கம்பத்தைத் தொட்டுச் சறுக்கி, கோட்டைக்குள் நுழைந்து, அடுத்த கட்டத்தில் பூமிக்கு அடியில் இறங்குகிறாள். நீலச் செங்கல், கறுப்பு வானம், அடித்தொண்டையில் பேசுவது போன்ற வேறொரு பாட்டு. அங்கே மிச்ச லைஃப்பும் போய்விடுகிறது.

"நீ ஆடும்மா."

அம்மா ஜாய்ஸ்டிக்கை வாங்கிக்கொள்கிறார். உட்காருகிற தோரணையே மாறிவிட்டது. முதல் கூம்பா, காளான், குழாய், குழாய், குழாய். நாலாவது குழாயைத் தாண்டியதும், ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்று குதிக்கிறார்.

"அங்க ஒண்ணுமே இல்லையேம்மா."

டொக். வெறும் வானத்தில் ஒரு கட்டி தோன்றுகிறது. அதிலிருந்து பச்சைக் காளான் ஒன்று எழும்பி ஓடுகிறது. துரத்திப் பிடிக்கிறார். ஒரு லைஃப் கூடுகிறது.

பெண் எழுந்தே நின்றுவிட்டாள். "உனக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. உங்க பெரிய மாமா ஒருநா சும்மா குதிச்சான். வந்துச்சு. அன்னைக்கு முழுக்க ரெண்டு பேரும் வானத்தையெல்லாம் முட்டிக்கிட்டே இருந்தோம்."

"இன்னும் இருக்கா, இது மாதிரி?"

"இருக்கு. அந்தக் குழாய்க்குள்ள..."

"சொல்லாத!" பெண் அம்மாவின் வாயைக் கையால் பொத்திவிட்டு ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்குகிறாள். "நானே பாத்துக்கிடுதேன்."